பட்டை போட்ட டயர்

"ஒரே வார்த்தையில சொல்லுங்க அண்ணாச்சி. என் வண்டிக்கு வெள்ளைப்பட்டை டயர் நல்லாருக்குமா, நல்லாருக்காதா?" என்று அந்தத் தம்பி கேட்டார். "நல்லாருக்காது" என்றேன். கேட்டபடியே ஒரே வார்த்தை. அவர் முகம் சுருங்கிப்போனது. ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. நான்தான் நான்கு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் வெள்ளைப்பட்டை டயரை என்னைப்போல ஆசையாகப் பார்த்தவன் தாமிரபரணிக் கரையில் இன்னொருத்தன் இருந்திருப்பானா என்பது சந்தேகம். ஆசைப்பட்ட ஒன்றை, அதுவும் இன்னொருத்தர் ஆசையாகக் கேட்கும்போது, யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

தம்பி யாரென்று சொல்லிவிடுகிறேன். அப்பா இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்த வீட்டுப் பேரன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு, வயல், ஒரு ரைஸ் மில். பெரிய முதலாளி காலமாகி, மில் கைமாறி, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகும், நல்லது கெட்டதென்றால் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வந்துவிடும். பேரன் பெங்களூரில் இருக்கிறார். தங்கச்சி கல்யாணம் பாளையங்கோட்டையில். அதற்காகக் கன்னங்கரேலென்று ஒரு ஜெர்மன் காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான் வண்ணார்பேட்டையில் இருபத்தாறு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவன். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். ஆகவே டயர் விஷயத்துக்கு என்னிடம் வந்தது நியாயம்தான். கையில் ஒரு ஃபோட்டோ வைத்திருந்தார். வீட்டு வாசலில் மாலை போட்டு நிற்கும் கருப்பு அம்பாசடர், மார்க் 3. பானட் மேல் கை வைத்து நிற்கும் பெரிய முதலாளி. பளீரென்று வெள்ளைப்பட்டை போட்ட டயர்கள். ஓரத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒரு தோள் பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அது அப்பா.

"தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு என் வண்டியும் இப்படியே நிக்கணும் அண்ணாச்சி. தாத்தா இதப் பஞ்சகல்யாணின்னு சொல்லுவாராம்லா." சொல்லுவார்தான். நானே கேட்டிருக்கிறேன். உடம்பு கருப்பு, நாலு காலும் வெள்ளை, நெற்றியிலும் வெள்ளை என்றால் அந்தக் குதிரை பஞ்சகல்யாணி, வீட்டுக்கு ராசி. நெற்றிக்கு என்ன செய்வது என்று முதலாளி யோசித்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் பானட்டில் மூன்று விரலால் திருநீறு பூசிவிடுவார். காலிலும் பட்டை, நெற்றியிலும் பட்டை.

அந்தப் பட்டையை வெள்ளையாக வைத்திருந்தது அப்பா. சாயங்காலம் வாய்க்கால் படித்துறைப் பக்கம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். சவுக்காரக் கட்டி, தேங்காய் நார், எங்கள் வீட்டில் தேய்ந்துபோன பல் பிரஷ்கள். குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு டயராகத் தேய்ப்பார். நான் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுப்பேன். வண்டி எந்தத் திசைக்குப் போய்வந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்பை வயக்காட்டுச் சேறு காய்ந்தால் சாம்பல் நிறம். திசையன்விளைப் பக்கம் போய்வந்தால் தேரி மண்ணின் சிவப்பு. கோவில்பட்டிப் பக்கம் என்றால் கரிசல் அப்பியிருக்கும், அது லேசில் போகாது. மூன்றும் கழுவிக் கரைந்து வாய்க்காலில் ஓடியபிறகு உள்ளேயிருந்து அந்த வெள்ளை வரும் பாருங்கள், அதற்குத்தான் நான் காத்திருப்பேன்.

ஒருதடவை புது டயர் வந்தபோது பட்டை முழுக்க நீலமாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்க நீலம் கரைந்து வெள்ளை தெரிந்தது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி டயருக்கும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கடை வைத்த பிறகுதான் தெரிந்தது, அது காவலுக்குப் பூசுவது. டயர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது பக்கத்து டயரின் கருப்பு இதில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக.

அப்புறம் நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு வாரம் வண்டி வந்து நின்றது, நான்கு டயரும் கருப்பு. அப்பாவிடம் கேட்டதற்கு, "இப்பல்லாம் வெள்ளை வாறதில்ல" என்றார். முதலாளி வீட்டில் ஏதோ கஷ்டம், அதனால் விலை குறைந்த டயர் போட்டுவிட்டார்கள் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னியில் வெள்ளைப்பட்டை அப்படியே இருந்தது. வெளியே ஓடுகிற நாலும் கருப்பு, உள்ளே தூங்குகிற ஒன்று மட்டும் வெள்ளை. இது ஏன் என்று அந்த வயதில் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

பாலின் நிறம்

கருப்புதான் டயரின் பிறவி நிறம் என்று நினைப்பவர்கள் நாகர்கோவிலைத் தாண்டிக் குலசேகரம் பக்கம் ஒரு நடை போய்வரலாம். ரப்பர் மரத்தில் வடிவது பால். சிரட்டையில் பிடித்து, உறையவைத்து, உருளையில் அழுத்திக் கொடியில் காயப்போட்டிருப்பார்கள். கருப்பு எங்கேயும் இருக்காது. ஆரம்பகால டயர்களும் அப்படி வெளுப்பாகத்தான் இருந்தன. துத்தநாக ஆக்சைடு கலந்ததால் இன்னும் வெளுத்தன. ஆனால் சாலையில் சீக்கிரம் தேய்ந்தன. 1910-களில்தான் நுண்ணிய கரித்தூளைக் கலந்தால் ரப்பருக்குப் பலம் கூடுகிறது, தேய்மானம் குறைகிறது என்று கண்டு டயருக்குள் கரியைக் கொட்டினார்கள். கிரேயான் செய்துவந்த பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனியின் கரித்தூள்தான் அப்போது குட்ரிச் டயருக்குப் போனது. (நம்ம பின்னி மில் இல்லை, இது அமெரிக்கப் பின்னி.) கரித்தூளைச் சிக்கனமாகச் சேர்க்க நினைத்தவர்கள் தரையில் படுகிற டிரெட்டுக்கு மட்டும் கருப்பு ரப்பரை வைத்து, பக்கவாட்டை வெள்ளையாகவே விட்டார்கள். வெள்ளைப்பட்டை டயர் பிறந்த கதை இவ்வளவுதான். அழகுக்காக யாரும் வெள்ளை அடிக்கவில்லை, கருப்பு போதாமல் மிஞ்சிய வெள்ளை அது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் முழுக் கருப்பு டயர்தான் உசத்தி. துடைக்க வேண்டாம், அழுக்குத் தெரியாது, காசுள்ளவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். எல்லாருக்கும் கருப்பு கிடைக்கத் தொடங்கியதும் பெரிய மனுஷன் வெள்ளைக்கு மாறினான். 1934-ல் ஃபோர்டு புதுக் காருக்கு வெள்ளைப்பட்டை வேண்டுமென்றால் 11.25 டாலர் கூடுதல் என்று வைத்தது. பிறகு போர் வந்தது. 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனது. ரப்பர் முடங்கி, அமெரிக்காவில் வெள்ளைப்பட்டையும் நின்றது. பால்மரம் வெட்டக் கப்பலேறிப் போன நம்மவர்கள் அந்தச் சமயம் அங்கே என்ன பாடுபட்டார்கள் என்பது வேறு கதை. சாயங்காலம் திண்ணையில் பாட்டிகள் சொன்னது அது, இங்கே அடங்காது. போர் முடிந்து பட்டை திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மெலியவும் தொடங்கியது. 1957 காடிலாக் எல்டொராடோ புரோஹாமில் ஒரு அங்குலப் பட்டை. அறுபதுகளில் அதுவே எல்லாருக்கும் வழக்கமாகி, கடைசியில் அமெரிக்காவில் வயதானவர்கள் ஓட்டும் நீளக் கார்களில் ஒரு மெல்லிய கோடாக மிஞ்சியது. சிகாகோவில் தொடங்கிய வோக் கம்பெனி மட்டும் வெள்ளையோடு தங்க நிறக் கோடும் சேர்த்து இன்னமும் போட்டுக்கொண்டிருக்கிறது. அதை ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை மாதிரி எனக்குத் தெரியும்.

சாக்பீஸ் வட்டம்

இதையெல்லாம் நான் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் பாதி கேட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிடுவார். பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கூட்டிப்போனேன். அவர் பேச்சுக்கு ஆள் இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து டயர் நம்பரைப் பார்த்தார். 245/40 ஆர் 19. அப்புறம் கல்லாவில் கிடந்த சாக்பீஸை எடுத்து, முன் டயரின் பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டார். ரிம்மை ஒட்டி ஒன்று, இரண்டரை விரல் தள்ளி இன்னொன்று. நடுவே சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து நிரப்பினார். எழுந்து நின்று கையைத் தட்டினார். "பாத்துக்கிடுங்க."

பார்த்தோம். கணக்குத் தெரிந்தவர்களுக்கு அந்த நம்பரே போதும். 245 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சதவீதம் என்றால் பக்கவாட்டு உயரம் 98 மில்லிமீட்டர், நாலு அங்குலம்கூட இல்லை. அதிலும் மேலே டிரெட்டை நோக்கி வளைகிற இடம் போக, கீழே ரிம் உரசாமலிருக்க வைத்த தடிப்புப் போக, பட்டை போட நிஜமாகக் கிடைப்பது ஒரு பாதி. அம்பாசடருக்கு 5.90-15 டயர். ரிம் 15 அங்குலம்தான், பக்கவாட்டு 5 அங்குலத்துக்குக் குறையாது. அந்தப் பெரிய கருப்பு மைதானத்துக்கு நடுவே ஒரு வெள்ளை வளையம், அதற்குள்ளே சின்னதாக ஒரு வெள்ளிக் கிண்ணம் மாதிரி வீல் கப். கண் கருப்பிலிருந்து வெள்ளைக்கு, வெள்ளையிலிருந்து வெள்ளிக்கு என்று படிப்படியாக உள்ளே இறங்கும். புது வண்டியில் அந்தப் படி கிடையாது. 19 அங்குல அலாய், அதில் கத்திகத்தியாகப் பத்து ஸ்போக், அதைச் சுற்றி ஒரு ரப்பர் விளிம்பு. காரை வரைந்தவன் சக்கரத்தைப் பெரிதாகவும் ரப்பரை ஒல்லியாகவும் காட்டத்தான் இத்தனை வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறான். அந்த ஒல்லி ரப்பரின்மேல் வெள்ளையை அடித்தால் கண் அங்கே போய் முட்டிக்கொள்கிறது. தரையோடு படிந்து பாயப்போகிற மாதிரி நின்ற வண்டி, சாக்பீஸ் பட்டதும் பள்ளிக்கூட யூனிஃபாரத்தில் சாக்ஸ் மாட்டிய பையன் மாதிரி நிமிர்ந்துவிட்டது.

"மாட்டுக்குக் கொம்புலதான வே வர்ணம் அடிப்போம். கொளம்புல அடிப்போமா? அதுக்கு லாடம்" என்றார் டயர் கடை அண்ணாச்சி. தம்பி விடவில்லை. "குதிரைக்குக் கால் வெள்ளையா இருந்தா அழகுதானே?" அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அதோட முடி. நீங்க அடிச்சதில்ல" என்றார். எனக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி இல்லை. அம்பாசடரின் வெள்ளையும் எவனோ செய்ததுதானே, வண்டியோடு முளைத்ததா? ஆனாலும் அங்கே அது முளைத்த மாதிரி இருந்தது. அதன் உருண்டை முகம், குண்டு பானட், டயரின் தலையைப் பாதி மூடுகிற மட்கார்டு, எல்லாம் வளைவு. வட்டம் வட்டத்தோடு சேர்ந்துவிடும். இன்றைக்கும் வெஸ்பாவுக்கும் பழைய புல்லட்டுக்கும் வெள்ளைப்பட்டை போட்டால் கண்ணுக்கு இதமாக இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்த ஜெர்மன் வண்டியின் உடம்பில் வட்டம் என்று சொல்ல அதன் முத்திரையைத் தவிர வேறொன்றும் இல்லை.

இன்னொரு விஷயத்தை அண்ணாச்சி ரிம்மில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார். விரல் கரி பிடித்திருந்தது. டிஸ்க் பிரேக்கின் பேடு தேயத் தேயத் தூள் பறந்து ரிம்மிலும் டயரிலும் படியும். பெரிய ஜெர்மன் கார்களில் இது அதிகம், பெங்களூரிலிருந்து ஒரு ஓட்டம் ஓடிவந்தாலே முன்சக்கரம் கருத்துவிடும். அம்பாசடரின் டிரம் பிரேக் தேய்ந்த தூளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அப்பாவுக்கு மண் மட்டும்தான் எதிரி. இன்றைக்கு வண்டியே தன் பட்டையை அழுக்காக்கும். போதாக்குறைக்கு, வெயிலில் வெடிக்காமலிருக்கக் கருப்பு ரப்பரில் கலக்கிற மருந்து மெல்லக் கசிந்து மேலே வரும். கருப்பில் அது தெரியாது. வெள்ளையில் வெற்றிலைக் கறை மாதிரிப் பழுப்பாக நிற்கும்.

மூன்றடைப்பு வரை

தம்பி கேட்டுக்கொண்டார், ஆனால் மனசு ஆறவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பார்சலோடு வந்தார். ஆன்லைனில் வாங்கிய வெள்ளை ரப்பர் ரிங், நாலு. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே செருகிக்கொள்வது. இது புதுச் சரக்கு ஒன்றும் இல்லை, வெள்ளை டயர் வாங்க வழியில்லாதவர்களுக்கு அந்தக் காலத்திலேயே இருந்த வித்தைதான். "எந்த வேகத்துக்கும் தாங்கும்னு போட்டிருக்கு அண்ணாச்சி." நான் ஒன்றும் சொல்லவில்லை. டயர் கடை அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார்.

நின்ற வண்டியில், தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், பரவாயில்லை போலத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு ஒரு விநாடி நெஞ்சு அடைத்தது. வாய்க்கால் படித்துறை ஞாபகம் வந்துவிட்டது. நாங்குநேரி வரை ஒரு ஓட்டம் பார்க்கலாம் என்று நால்வழிச் சாலையில் ஏறினோம். எண்பதில் ஒன்றும் தெரியவில்லை. நூறைத் தாண்டியதும் இடது பின்பக்கத்தில் பறவை சிறகடிக்கிற மாதிரி ஒரு சத்தம். மூன்றடைப்பு நெருங்கும்போது பட்பட்டென்று அடித்து, ஒரு ரிங் பிய்ந்துபோய்ப் பனங்காட்டுக்குள் பறந்தது. ஓரத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். ரேடியல் டயரின் பக்கவாட்டு தரையில் படும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிதுங்கி உள்வாங்கும். அதன்மேல் ஒட்டாமல் நிற்கிற ரிங், ரம்பம் மாதிரி அந்த இடத்தையே அறுத்துக்கொண்டிருக்கும். டயரில் நகம் கீறியதுபோலச் சுற்றிலும் கோடு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ரிங்கைக் கம்பால் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்னதுய்யா, மாட்டுக்குக் கட்டுறதா?" என்றார். பட்டை போடப் போய் நாமம் போட்டுவிட்டான் விற்றவன் என்று நான் சொன்னதற்குத் தம்பி சிரிக்கவில்லை. மீதி மூன்றையும் அங்கேயே கழற்றி டிக்கியில் போட்டோம்.

அப்பா சொன்னது

திரும்பி வரும்போது தம்பி அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. காது கொஞ்சம் மந்தம், கண் தெளிவு. தம்பியைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு அது பிடிக்காது, ஆனால் சொல்லிப் பயனில்லை. தம்பி ஃபோட்டோவைக் கொடுத்து, "தாத்தாவோட பஞ்சகல்யாணி. எவ்வளவு வெள்ளையா வச்சிருந்திருக்கீங்க தாத்தா!" என்றார். அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமா, அவாளுக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னார். காப்பி குடித்துவிட்டுத் தம்பி போய்விட்டார்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் ரிங் பறந்த கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"வெள்ளை வாறது நின்னுட்டுன்னு அன்னைக்குச் சொன்னேம்லா. நிக்கல. நான்தான் திருப்பிப் போட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்பா உள்ளங்கையைக் காட்டினார். அப்புறம் கையைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினார்.

குற்றால சீசன். முதலாளி வீட்டோடு குளிக்கப் போய், சாரலில் நனைந்துகொண்டு ராத்திரி பத்தரைக்கு வந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். முதலாளி டார்ச் அடித்து டயரைப் பார்த்திருக்கிறார். "பஞ்சகல்யாணிக்குக் கால்ல என்னடே சேறு?" கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம், சிரித்துக்கொண்டேதான். கிணற்றடியில் லைட்டைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி தாண்டியும் அப்பா தேய்த்திருக்கிறார். "வெரல் நுனியெல்லாம் ஏற்கெனவே வெடிச்சிருந்துச்சு. சவுக்காரம் அதுக்குள்ள எறங்கிட்டு. நாலு நாளு சோறு பிசைய முடியல. கொழம்பு பட்டா எரியும்." அந்த நாலு நாளும் அம்மா பிசைந்து உருட்டிக் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் ஏதோ புண் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில், நான்கு டயரையும் ரிம்மிலிருந்து கழற்றி, வெள்ளைப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பி மாட்டச் சொல்லியிருக்கிறார். டியூப் போட்ட பழைய டயர், எந்தப் பக்கம் மாட்டினாலும் ஓடும். கழற்றி மாட்டிய கூலி அப்பாவின் கைக்காசு. மூன்றாம் நாள்தான் முதலாளி கவனித்தாராம். "என்னடே, கருப்பா இருக்கு?" "மெட்ராஸ்ல இப்ப எல்லாம் கருப்புதான் முதலாளி. வெள்ளை பழைய மாடலாயிட்டு." "அப்படியா" என்று ஏறி உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும் அது முழுப் பொய்யும் இல்லை, உலகம் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பா அதை நாலு நாள் சோற்றை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஸ்டெப்னி?" என்றேன். நாற்பது வருஷக் கேள்வி.

"அத மறந்துட்டேன்" என்று சிரித்தார். ஒருதடவை ஆலங்குளம் பக்கத்தில் பஞ்சராகி அதை எடுத்து மாட்ட வேண்டியதாகிவிட்டதாம். மூன்று கருப்பு, ஒரு வெள்ளை. நல்லவேளை, வீட்டம்மா மட்டும்தான் வண்டியில். தென்காசி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதையும் திருப்பிவிட்டார்.

"குனிஞ்சு பாத்திருந்தா உள்பக்கம் வெள்ளை தெரிஞ்சிருக்குமே, அப்பா?"

"முதலாளி எதுக்குலே குனியப்போறாரு?"

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப உள்ள டயரத் திருப்பி மாட்ட முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்றேன். இந்த மாதிரி வண்டிகளுக்கு வருகிற டயரில் உள்பக்கம் ஒரு வடிவம், வெளிப்பக்கம் ஒரு வடிவம். மழைத் தண்ணீரை வெளியேற்ற ஒரு பக்கம், வளைவில் பிடித்து நிற்க ஒரு பக்கம். வெளியே வரவேண்டிய பக்கத்தில் 'அவுட்சைடு' என்று எழுதியே வைத்திருப்பான், மாற்றி மாட்டக் கூடாது. அப்பா தலையாட்டினார்.

"அப்ப வேண்டாம்னு சொல்லிரு."

நான் தம்பியிடம் சொன்ன அதே பதில். எனக்கு அளவு, ரிம், பிரேக் தூள் என்று ஆயிரம் காரணம் பின்னால் கிடைத்தது, எல்லாம் சரியான காரணமும்கூட. ஆனால் அன்று அந்த வார்த்தை என் வாயில் வந்தது இவற்றில் எதனாலும் இல்லை. அந்த வெள்ளையைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பக்கத்தில் ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த ஆள் இருந்தால்தான் அது வெள்ளை. தம்பியின் வண்டிக்கு டிரைவர் கிடையாது, அவரே ஓட்டுகிறார். மாதம் இரண்டுதடவை எங்கேயோ விட்டு, நுரை அடித்து, மெஷின் தண்ணீர் பீச்சி, துடைத்து வாங்கிவருகிறார். யாரும் தொட்ட தடம் தெரியாமல் இருப்பதுதான் இன்றைய பெரிய வண்டிகளின் தோரணை. பானட்டைத் திறந்தால்கூட எஞ்சின் தெரியாது, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. அப்படிப்பட்ட வண்டிக்குக் காலில் மட்டும் தினம் தேய்க்க வேண்டிய வெள்ளையை மாட்டினால், தேய்க்கிற ஆளை எங்கே போய்த் தேடுவது? கல்யாண வீட்டில் அன்றைக்கு மட்டும் யாராவது ஒரு பையனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

கல்யாணத்தன்று வண்டி கருப்பு டயரோடுதான் வந்தது. நன்றாகவே இருந்தது. அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்துத் தம்பி மண்டபம் வரை ஓட்டிப்போனார். இறங்கியதும் அப்பா வழக்கம்போல ஒரு சுற்றுச் சுற்றி நான்கு டயரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

போன வாரம் தம்பி அனுப்பிய ஃபோட்டோவுக்கு ஜோடியாக வைக்கலாம் என்று அப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். அதே அம்பாசடர், குற்றாலத்தில், முன்பக்கமிருந்து எடுத்த ஒரு சின்னக் கருப்பு வெள்ளைப் படம். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் பம்பரில் சாய்ந்து நிற்கிறார்கள். டயர் கருப்பு, ஆகவே திருப்பிப் போட்டதற்குப் பிந்திய படம். பையனின் கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பம்பருக்கு அடியில், நிழலுக்குள், இடது சக்கரத்தின் உட்பக்கம் தெரிகிறது. பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. அப்பாவிடம் காட்டினேன். படம் எடுத்தவர் யாரென்று அவருக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கோணத்துக்குத் தரையில் உட்கார்ந்துதான் எடுத்திருக்க வேண்டும்.